கோச்சின் உள்நிலை: எட்டு வாசகங்களுக்கு ஓர் உரை

இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் என்ற அமைப்பை 1995-ல் அமெரிக்காவில் தாமஸ் லெனார்ட் தொடங்கினார். கோச்சிங்கைத் தொழிலாகச் செய்பவரிடம் என்னென்ன திறன்கள் இருக்க வேண்டும் என்று அந்தச் சம்மேளனம் 1998-ல் ஒரு பட்டியல் வகுத்தது. அதில் 11 திறன்கள் இருந்தன. 2019-ல் திருத்தியபோது எண்ணிக்கை 8 ஆனது. எண்ணிக்கை குறைந்தும், முன்பு தனியாக இல்லாத ஒன்று புதிதாக உள்ளே வந்தது. அதுதான் இரண்டாம் திறன். கோச்சுக்குரிய மனப்பாங்கோடு இருத்தல் என்று அதன் கருத்தைச் சுருக்கலாம். அந்த 2019 வடிவில் அதன் கீழே எட்டு வாசகங்கள். எல்லாம் ஒற்றை வரிகள்.

கோச்சிங் பயிற்சிக்கு வருகிறவர்கள் இந்த எட்டையும் தேர்வுக்காக ஒருமுறை படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் உத்திகளுக்குத் தாவிவிடுகிறார்கள். நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வாசகங்களின் கருத்தை என் சொற்களில் தந்து ஒவ்வொன்றாக விரிக்கிறேன்.

இருக்கும் இடம்

குறளின் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் முன்னால் அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று பரிமேலழகர் சொல்லிவிடுவார். அந்த வழக்கம் இங்கே உதவுகிறது. எட்டுத் திறன்களையும் சம்மேளனம் நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் பகுதி அடித்தளம். அதில் இரண்டே திறன்கள்: தொழில் அறம் ஒன்று, இந்த மனப்பாங்கு மற்றொன்று. கோச்சிங் பெற வரும் கிளையன்டோடு உடன்பாடு செய்துகொள்வது, நம்பிக்கையை வளர்ப்பது, முழுக் கவனத்தோடு உடனிருப்பது, காதுகொடுத்துக் கேட்பது எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன. கிளையன்டுக்குள் புதிய தெளிவு பிறக்கும்படி கேள்வி கேட்பதற்கு ஏழாவது இடம்தான்.

கோச்சிங் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் 'நல்ல கேள்வி கேட்பது' என்பார்கள். பட்டியலோ கேள்விக்கு முன்னால் ஆறு திறன்களை வைத்திருக்கிறது. காரணம் உண்டு. "இந்த முடிவை ஏன் ஆறு மாசமா தள்ளிப்போட்டுட்டு வர்றீங்க?" என்று ஆவலோடும் கேட்கலாம், பொறுமை இழந்தும் கேட்கலாம். சொற்கள் மாறுவதில்லை. எதிரில் இருப்பவருக்கு வேறுபாடு உடனே தெரிந்துவிடும். ஆவலோடு கேட்டால் யோசிப்பார். பொறுமையிழந்து கேட்டால் காரணங்களை அடுக்கித் தப்பிப்பார். தன் கேள்வி எந்த மனநிலையிலிருந்து புறப்படுகிறது என்று கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், கையில் எவ்வளவு சிறந்த கேள்வித் தொகுப்பு இருந்தாலும் கிளையன்டுக்குப் பயனில்லை.

இந்த மனப்பாங்குக்கு நான்கு தன்மைகளைப் பட்டியல் சொல்கிறது: திறந்த மனம், அறியும் ஆவல், வளைந்துகொடுத்தல், கிளையன்டை நடுவில் வைத்தல். நான்கும் நல்லவை என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. தன்னிடம் அவை எப்போது இல்லாமல் போகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே கடினம். எட்டு வாசகங்களும் அந்தக் கண்டுபிடிப்புக்கான வழிகள் என்று நான் படிக்கிறேன்.

முதல் வாசகம்: தேர்வு கிளையன்டுடையது

கிளையன்ட் எடுக்கும் முடிவுகளுக்கு அவரே பொறுப்பு என்பதைக் கோச் ஏற்க வேண்டும் என்கிறது முதல் வாசகம். தலையாட்டுவது எளிது. செஷனின் நடுவில் ஒருவர் சோர்ந்துபோய், "நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்கும்போதுதான் இந்த வரியின் கனம் தெரியும்.

நம் ஊரில் கோச்சிங் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள். விடை சொல்வதற்காகவே அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது அவர்களுக்கு உடல் வலி போன்றது. அந்த வலியை அடக்கு என்று இந்த வாசகம் சொல்லவில்லை. அறிவுரை சொல்லும்போது எனக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. மரியாதை கிடைக்கிறதா? பயனுள்ளவனாக இருந்தோம் என்ற நிம்மதியா? எதிரில் இருப்பவரின் தவிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து விடுதலையா? பெரும்பாலும் மூன்றாவதுதான். கிளையன்டின் தவிப்பைத் தாங்க முடியாமல் கோச் தன் தவிப்பைத் தீர்த்துக்கொள்கிறார்.

டிமதி கால்வே 1974-ல் டென்னிஸ் பற்றி எழுதிய புத்தகம் இன்றைய கோச்சிங்கின் ஊற்றுகளில் ஒன்று. அறிவுறுத்தலைக் குறைக்கக் குறைக்கத் தன் மாணவர்கள் நன்றாகக் கற்பதை அவர் கண்டார். பயிற்சியாளர் ஓயாமல் திருத்தினால், அந்தக் குரல் ஆட்டக்காரரின் தலைக்குள் குடியேறி அவரையே ஏசத் தொடங்கிவிடுகிறது. கால்வேயிடமிருந்து பெற்றுக்கொண்ட ஜான் விட்மோர், 1992-ல் எழுதிய தன் நூலில் விழிப்புணர்வையும் பொறுப்பையும் கோச்சிங்கின் இரு தூண்களாக நிறுத்தினார். பொறுப்பைக் கோச் தன் தோளில் ஏற்றிக்கொண்டால் ஒரு தூண் சாய்ந்தது.

இரண்டாம் வாசகம்: கற்றலைத் தொடர்தல்

தொடர்ந்து கற்க வேண்டும் என்பதற்கு நீண்ட உரை தேவையில்லை. சம்மேளனத்தின் சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுக்கு 40 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். மணிக் கணக்கை நிரப்ப வெபினார்கள் ஏராளம். எதைக் கற்பது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை அடுத்த வாசகத்தில் இருக்கிறது. தன் வேலையைத் திரும்பிப் பார்க்காதவர் பிடித்ததையே கற்றுக்கொண்டிருப்பார். தேவையானது கண்ணில் படாது.

மூன்றாம் வாசகம்: திரும்பிப் பார்க்கும் பழக்கம்

கோச்சிங் மேம்படுவதற்காகத் தன் வேலையை ஆராயும் பழக்கத்தை இடைவிடாமல் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாம் வாசகம். எட்டில் இதுவே வேர் என்பேன். மற்ற ஏழும் இதில்லாமல் நல்லெண்ணங்களாகவே நின்றுவிடும்.

அனுபவம் தானாகக் கற்பிப்பதில்லை, அனுபவத்தை ஆராய்வதே கற்பிக்கிறது என்ற சிந்தனையை ஜான் டூயி 1910-லேயே தொடங்கிவைத்தார். டொனால்ட் ஷான் 1983-ல் அதைத் தொழில்களுக்குக் கொண்டுவந்தார். கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்கள் போன்றோர் வேலை செய்வதைக் கூர்ந்து பார்த்து இருவகை ஆராய்ச்சியை அவர் பிரித்துக் காட்டினார். வேலை நடக்கும்போதே நடப்பது ஒன்று; முடிந்தபின் நடப்பது மற்றொன்று. கோச்சுக்கு முதலாவதுதான் இலக்கு. கிளையன்ட் பேசிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே 'நான் இப்போது அவசரப்படுகிறேன்' என்று தெரிந்துவிட்டால் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திறமை இரண்டாவதைப் பல நூறு முறை செய்தவருக்கே வாய்க்கிறது.

முடிந்தபின் ஆராய்வதில் முதல் இடர் நம் நினைவுதான். செஷன் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மனம் அதை ஒழுங்குபடுத்தி, நமக்குச் சாதகமாக ஒரு கதை கட்டிவிடும். கார்ல் ரோஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். 1942-ல் ஒரு முழுச் சிகிச்சையையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். கிளையன்டின் வழியில் போகிறோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு, பேச்சை எவ்வளவு தூரம் தாங்களே இழுத்துச் சென்றிருக்கிறோம் என்பதைத் தட்டுகள் காட்டின. எண்பது ஆண்டுகள் கழிந்தும் கோச்சுகள் தங்கள் ஒலிப்பதிவைக் கேட்கத் தயங்குகிறார்கள். சான்றிதழுக்காக ஒருமுறை கேட்பதோடு சரி. வருந்தத்தக்கது இது.

கிளையன்டின் எழுத்துமூல ஒப்புதலோடு ஒரு செஷனைப் பதிவு செய்து, அதில் பத்தே நிமிடத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். இன்று பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் உண்டு. யார் எத்தனை சதவீதம் பேசினார் என்றும் அவை சொல்லும். இருந்தாலும் கையால் எழுதுவதைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு சொல்லிலும் நிற்க வேண்டிவரும். நின்றால்தான் அன்று உள்ளே என்ன ஓடியது என்று நினைவு வரும். எந்தச் செயலியும் அதை எழுதித் தராது.

பயிற்சிக்காக நான் கட்டிய ஒரு துண்டை வைத்து இதைக் காட்டுகிறேன். கிளையன்ட் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மேலாளர்.

"டீம்ல யாரும் எங்கிட்ட நேரா பேச மாட்டேங்கறாங்க மேடம். என்னைப் பார்த்தாலே அமைதியாயிடறாங்க."

"சரி. அவங்களோட தனித்தனியா மீட்டிங் எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வெச்சுக்கறீங்க?"

கோச் கேட்டதில் குற்றமில்லை, பயனுள்ள தகவல்தான். ஆனால் 'என்னைப் பார்த்தாலே' என்ற இரண்டு சொற்களை எடுப்பாரில்லை. இதைப் படித்துப் பார்த்த கோச் தன் குறிப்பேட்டில் முதலில் எழுதக்கூடியது: "ஆழமாகக் கேட்கவில்லை. இன்னும் கவனம் தேவை." இது தீர்ப்பு. தீர்ப்பிலிருந்து கற்க எதுவும் இல்லை. அடுத்த முறை இன்னும் பதற்றத்தோடு கேட்கவே அது உதவும். இரண்டாம் முறை எழுதினால் இப்படி வரலாம்: "அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. என் வயிற்றில் ஓர் இறுக்கம். உடனே மீட்டிங் கணக்குக்குப் போனேன்." இப்போது நடந்தது தெரிகிறது. இன்னும் நான்கைந்து செஷன்களின் குறிப்பைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது வரி பிறக்கும்: "குரல் இறங்கும் இடங்களிலெல்லாம் நான் எண்களுக்கு ஓடுகிறேன்." ஒரே செஷனைப் பார்த்து இந்த வரியை யாராலும் எழுத முடியாது. பழக்கம் இடைவிடாதிருக்க வேண்டும் என்று வாசகம் சொல்வதன் பொருள் இங்கே விளங்குகிறது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் நார்மன் கேகன் உருவாக்கிய ஒரு முறை இதற்கு நல்ல துணை. பதிவை ஓடவிட்டு, உள்ளே ஏதோ அசைந்ததாகத் தோன்றும் இடத்தில் ஆலோசகரே நிறுத்துவார். அருகில் இருப்பவர் குறை சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், என்ன சொல்ல விரும்பிச் சொல்லாமல் விட்டீர்கள் என்று மட்டும் கேட்பார். நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் அந்த முறையின் அழகு.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். தன்னை நினைத்துக்கொண்டே இருப்பவர் எல்லாம் தன்னை அறிந்தவர் ஆகிவிட மாட்டார். பால் டிராப்னெல், ஜெனிஃபர் கேம்ப்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் இந்த இரண்டையும் பிரித்து அளந்தார்கள். அச்சத்தாலும் இழப்புணர்வாலும் தன்னைச் சுற்றிச் சுற்றி வருவது ஒன்று, ஆவலால் தன்னை நோக்குவது இன்னொன்று. முன்னதற்கும் மன உளைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டாஷா யூரிக் இதையே நடைமுறைக்குக் கொண்டுவந்து, 'ஏன் இப்படிச் செய்தேன்' என்று தோண்டுவதைவிட 'என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம்' என்று கேட்பது பயன் தரும் என்கிறார். கோச்சின் குறிப்பேட்டில் 'ஏன்' மிகுந்தால் அது கண்ணீர்ப் புத்தகமாகிவிடும். நான் மென்டராகப் பார்க்கும் இளம் கோச்சுகளில் மிகவும் அக்கறையுள்ளவர்களே இந்தக் குழியில் விழுகிறார்கள். தங்களைக் கடிந்துகொள்வதையே ஆராய்ச்சி என்று எண்ணிவிடுகிறார்கள். வாசகத்தின் பின்பாதி அதற்கு மருந்து: இந்தப் பழக்கம் கோச்சிங் மேம்படுவதற்காக. அதாவது அடுத்த புதன்கிழமை வரப்போகும் அந்த மேலாளருக்காக. அவருக்கு எந்த வகையிலும் பயன்படாத தன்னாராய்ச்சியை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் கிளையன்டின் பெயர், நிறுவனத்தின் பெயர் எதுவும் வேண்டாம். அந்த ஏடு கோச்சைப் பற்றியது.

நான்காம் வாசகம்: சூழலும் பண்பாடும்

சூழலும் பண்பாடும் தன் மீதும் பிறர் மீதும் செலுத்தும் தாக்கத்தைக் கோச் உணர்ந்திருக்க வேண்டும், அதற்கு மனம் திறந்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. தன் மீது என்பது முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். கிளையன்டின் பண்பாட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தன்னுடையது கண்ணுக்கே தெரியாது. அதை உலக வழக்கு என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கோச்சிங்கின் பாடநூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிறந்தவை. முடிவெடுப்பவர் தனி மனிதர் என்ற எண்ணம் அவற்றில் சொல்லாமலே இருக்கிறது. சென்னையின் ஓ.எம்.ஆர். பகுதியில் வேலை செய்யும் ஒருவருக்குப் புனேயில் பெரிய பதவி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மகள் பிளஸ் டூ. "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்" என்கிறார். பாடநூலில் ஊறிய கோச்சின் காதில் இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக விழும். "இதுல உங்க விருப்பம் என்ன? உங்களோடது மட்டும்?" என்று துளைக்கத் தொடங்குவார். அந்த மனிதரைப் பொறுத்தவரை வீட்டில் பேசி முடிவெடுப்பதே பொறுப்பு. முதல் வாசகம் சொன்ன 'கிளையன்டின் தேர்வு' அவருடைய வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் நடுவில் நடக்கிறது. கோச் அதற்கு இடம் விட்டால் போதும்.

மரியாதை இன்னொரு திரை. "ஓகே சார், கண்டிப்பா பண்ணிடறேன்" என்ற பதில் சம்மதமாகவும் இருக்கலாம், பெரியவர் மனம் கோணக்கூடாது என்ற பணிவாகவும் இருக்கலாம். கோச் வயதில் மூத்தவரானால் இது கூடுதலாக நடக்கும். கோச்சுக்கு முப்பத்து நான்கு, கிளையன்ட் ஐம்பத்திரண்டு வயதுத் தொழிற்சாலை மேலாளர் என்றால் திரை மறுபக்கம் தொங்கும்: கோச்சே குழைந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவார்.

மொழியையும் சொல்ல வேண்டும். செஷன் ஆங்கிலத்தில் நடக்கிறது. தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்த ஒருவர், தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் அளந்து பேசுகிறார். கோச் சென்னையில் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர். அந்தத் தயக்கத்தைச் 'சிந்தனையில் தெளிவில்லை' என்று கோச்சின் மனம் பதிவு செய்துகொண்டால், அந்தத் தீர்ப்பு அவர் அறியாமலே எல்லாக் கேள்விகளையும் எளிதாக்கி, கிளையன்டைச் சிறுவராக்கிவிடும். வர்க்கமும் சாதியும் இந்த அறைக்குள் பெயர் சொல்லாமல் நுழையும் வழிகளில் இதுவும் ஒன்று. 'உங்களுக்கு எந்த மொழி வசதி?' என்று முதல் நாளே கேட்டுவிடுவது ஒரு தொடக்கம். தன் காது யாருடைய பேச்சுக்கு மதிப்பெண் குறைக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் வாசகம் எதிர்பார்ப்பது.

ஐந்தாம் வாசகம்: தன்னுணர்வும் உள்ளுணர்வும்

தன்னைப் பற்றிய விழிப்பையும் உள்ளுணர்வையும் கிளையன்டின் நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஐந்தாவது. உள்ளுணர்வைத் தெய்வ வாக்காகப் பேசும் கோச்சுகள் இந்த வரியை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். அவர்களுக்கு டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுக்கலாம். உள்ளுணர்வைச் சந்தேகிப்பதில் ஒருவர் பெயர் பெற்றவர், மற்றவர் அதைப் போற்றுவதில். இருவரும் ஒத்துக்கொண்ட இடம் இது: சூழலில் நிலையான ஒழுங்கு இருந்து, நம் கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்து பழகவும் வாய்ப்பு இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். தீயணைப்பு வீரருக்கு அது உண்டு. கோச்சின் அறையில் அத்தகைய பதில் தாமதமாகவும் கலங்கலாகவுமே வருகிறது.

அதனால் உள்ளுணர்வைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஊகமாகக் கொடுத்தால் போதும்: "எனக்கு ஒண்ணு தோணுது. உங்களுக்குப் பொருந்துதான்னு பாருங்க, இல்லேன்னா விட்டுடலாம்." விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே விட வேண்டும். கிளையன்ட் மறுத்தபின் வேறு சொற்களில் அதையே மறுபடி கொண்டுவருவது நம்மில் பலரின் வழக்கம்.

உளப்பகுப்பாய்வாளர்கள் இதே சிக்கலோடு நெடுங்காலம் போராடினார்கள். நோயாளியைக் குறித்து மருத்துவருக்குள் எழும் உணர்வை ஃபிராய்ட் 1910-ல் கடக்க வேண்டிய தடையாகப் பார்த்தார். பௌலா ஹைமன் 1950-ல் அதையே நோயாளியைப் புரிந்துகொள்ளும் கருவியாக்கினார். கோச்சுக்கு இரண்டுமே தேவை. ஒரு கிளையன்டோடு பேசும்போது எனக்குச் சலிப்பு வருகிறது. அது என்னுடையதா, அவரைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாருக்கும் வருவதா? இதே வகைப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வந்திருந்தால் பெரும்பாலும் என்னுடையது. இவரிடம் மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஒரு விஷயத்தின்போது மட்டும் வந்தால், அதை அவர்முன் மென்மையாக வைக்கலாம். எது என்று அறிய மூன்றாம் வாசகத்தின் குறிப்பேட்டைத்தான் திறக்க வேண்டும்.

ஆறாம் வாசகம்: உணர்ச்சியை ஆளுதல்

உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்தும் ஆற்றலை வளர்த்துக் காக்க வேண்டும் என்பதை, முகத்தில் எதையும் காட்டாதிருத்தல் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பொருள் தவறு. தவறு என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. உணர்ச்சியை முகத்தில் அடக்குவதையும், நிலைமையை வேறு விதமாகப் புரிந்துகொள்வதையும் ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். அடக்குபவரின் உள்ளே உணர்ச்சி தணிவதில்லை. நடப்பதை நினைவில் வைப்பதும் குறைகிறது. எமிலி பட்லரோடு அவரும் பிறரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராக நம்மைத் தொடுகிறது. ஒருவர் தன் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசும்போது, எதிரில் இருந்து பேசுபவரின் இரத்த அழுத்தம் கூடியது. கல்முகத்தோடு உட்கார்ந்திருக்கும் கோச் தன் அமைதியைக் கிளையன்டின் உடல்நலத்தைக் கொடுத்து வாங்குகிறார்.

பிறகு என்ன செய்வது? உள்ளே எழுவதற்கு மனத்துக்குள் பெயர் சொல்லலாம். மேத்யூ லீபர்மனின் 2007 ஆய்வில், கோபமும் அச்சமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயரிட்டபோது மூளையின் அமிக்டலா பகுதியின் எழுச்சி குறைந்தது. 'எரிச்சல்', 'பயம்', 'இவர்மேல் பரிதாபம்' என்று ஒற்றைச் சொல் போதும். பாதங்கள் தரையில் படுவதைக் கவனிக்கலாம். கிளையன்ட் அழத் தொடங்கியதும் தண்ணீரையும் டிஷ்யூவையும் நீட்டப் பாயும் கையைச் சற்றே நிறுத்தலாம். அந்த உதவி பல நேரம் 'அழுகையை முடித்துக்கொள்ளுங்கள்' என்ற செய்தியாகவே போய்ச் சேர்கிறது.

ஏழாம் வாசகம்: முன் ஏற்பாடு

செஷனுக்கு முன்பு மனத்தாலும் உணர்வாலும் தயாராக வேண்டும் என்கிறது ஏழாவது. கேள்விகளை எழுதிக்கொண்டு போவது இதில் சேராது. ஒரு ஜூம் அழைப்பை முடித்த கையோடு அடுத்ததைத் திறக்கும் கோச், முன்னவரின் பாரத்தைப் பின்னவரின் தலையில் வைக்கிறார். நடுவே கால் மணி நேரம் விட்டு நாள்காட்டியைப் போடுவது தொழில் ஒழுக்கத்தில் சேர்ந்தது என்று கருதுகிறேன், வருமானம் குறையும்தான். பழைய குறிப்பைப் படிப்பதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். போன முறை கலங்கிப் போனவராகவே இந்த முறையும் அவரைப் பார்க்கத் தோன்றும். இரண்டு வாரத்தில் மனிதர் மாறியிருக்கலாம்.

எட்டாம் வாசகம்: பிறரின் உதவி

தேவைப்படும்போது வெளியே உதவி தேட வேண்டும் என்று முடிகிறது பட்டியல். குறிப்பேடு, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்ற ஒப்புதல் இது. ஜோசப் லுஃப்டும் ஹாரிங்டன் இங்கமும் 1955-ல் வரைந்த ஜோஹாரி சாளரத்தில் ஒரு கட்டம், பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாததற்கு உரியது. அந்தக் கட்டத்தை நம் பேனா எழுதாது.

கோச் தன் வேலையைப் பயிற்சி பெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து ஆராய்வதைச் சூப்பர்விஷன் என்கிறார்கள். பிரிட்டனில் அது நன்கு வேரூன்றிவிட்டது. பீட்டர் ஹாக்கின்ஸ் வகுத்து, ராபின் ஷோஹெட்டோடு சேர்ந்து எழுதிய நூலால் பரவிய ஏழு கண் மாதிரி அங்கே பலருக்கும் பாடம். கிளையன்ட், கோச் கையாண்ட வழி, இருவருக்கும் இடையிலான உறவு, கோச்சின் உள்நிலை என்று அது ஒவ்வொன்றாகப் பார்த்து, கோச்சும் சூப்பர்வைசரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த அறையையும், சூப்பர்வைசரின் உள்நிலையையும், கடைசியில் எல்லோரையும் சூழ்ந்திருக்கும் நிறுவனம் போன்ற வெளிச்சூழலையும் ஆராயச் சொல்கிறது. ஹரால்ட் சியர்ல்ஸ் 1955-லேயே கவனித்த ஒன்று இந்த அறைப் பார்வைக்குப் பின்னால் உண்டு: சிகிச்சை அறையில் நடந்தது சூப்பர்விஷன் அறையில் தன்னையறியாமல் திரும்ப நடக்கும். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு தவிக்கும் ஒரு கிளையன்டைப் பற்றிச் சொல்ல வந்த கோச், சூப்பர்வைசர் வாய்திறக்க இடமே தராமல் மூச்சுவிடாது பேசுவார். "இப்ப நாம ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிட்டிருக்கோம்னு பாருங்களேன்" என்று சூப்பர்வைசர் நிறுத்தும்போது, கிளையன்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியும் பிடிபடாதது சட்டென்று பிடிபடும்.

இந்தியாவில் பயிற்சி பெற்ற சூப்பர்வைசர்கள் குறைவு, கட்டணமும் இளம் கோச்சுகளுக்கு எட்டாது. மூன்று கோச்சுகள் சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காரலாம். ஒருவர் தன் பதிவின் பத்து நிமிடத்தைக் கொண்டுவருவார், ஒருவர் கேகன் முறையில் கேள்வி மட்டும் கேட்பார், மூன்றாமவர் அந்த இருவருக்கிடையே நடப்பதைக் கவனிப்பார். நண்பர்களாக இருப்பதால் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தே கலைந்துவிடும் ஆபத்து உண்டு. மூன்றாமவரின் வேலையே அதைச் சுட்டுவதுதான்.

இந்த வாசகத்தில் நான் மாறுபடும் இடம் ஒன்று உண்டு. தேவைப்படும்போது தேடு என்கிறது அது. தேவை இருக்கிறது என்று கண்டுகொள்ளவே ஒரு விழிப்பு வேண்டும். கோச் களைத்துப்போய், ஒரு கிளையன்டோடு அளவுமீறி ஒட்டிப்போய், அல்லது தன்னம்பிக்கை தலைக்கேறி நிற்கும் நேரங்களில் முதலில் மங்குவது அந்த விழிப்புதான். தனக்கு இப்போது உதவி வேண்டியதில்லை என்று அவர் மனதார நம்புவார். ஆகவே உதவியைத் தேவையோடு கட்டாமல் தேதியோடு கட்டிவிட வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே பன்னிரண்டு தேதிகளைக் குறித்து, அதற்கான செலவைக் கிளையன்டுகளிடம் வாங்கும் கட்டணத்துக்குள்ளேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றும் மாதத்திலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாமல், ஒரு பதிவை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும்.